மலையுச்சிப் பன்னமும் கூனிச் சம்பலும்

ஏறாவூர் மீராசாஹிப் நாளுக்கு ஒரு புளுகாவது விடாவிட்டால் மனிசனுக்குத் தூக்கம் வராது. பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் இருபத்தெட்டு வருடமாக உதவியாளர். போன மாதம்கூட, வாவி முதலை வாசலில் படுத்திருக்கிறது என்று சொல்லி ஒரு பேராசிரியரை மேசைமேல் ஏற்றிவிட்டார்.

ஆய்வுக்கு வந்த ஆர்த்திகா, பன்னம் என்ற பெரணிச் செடியில் ஒரே வகையின் இலைகளை மலைநாட்டில் நான்கு உயரங்களில் பறித்து, நான்கு பைகளில் கொண்டுவந்திருந்தாள். மேலே போகப் போக இலையின் நைதரசன் சத்து எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும். காயவைத்து மாவாக அரைப்பது மீராசாஹிபின் பாடு.

மூன்று பை அரைத்து முடித்த அன்று, வீட்டில் மனைவி நஸீறாவின் கிரைண்டர் செத்துக் கிடந்தது. காய்ந்த கூனி இறாலைக் கொண்டுவந்து பன்னம் அரைத்த மெஷினிலேயே போட்டார். பிறகு துடைத்தார், துடைத்த லட்சணம்! மலையுச்சியில் பறித்த நாலாவது பையும் அதற்குள்தான் போனது. மறுநாள் மதியம் ஆர்த்திகாவுக்கும் அந்தக் கூனியில் செய்த சம்பல் கொடுத்தார்.

"என்ன நானா, பச்சையா இருக்கு?"

"கறிவேப்பிலை, மிஸ்."

அவள் விரலைச் சூப்பிச் சாப்பிட்டாள்.

முடிவு வந்தது. மூன்று உயரம்வரை நைதரசன் படிப்படியாகக் குறைந்து, உச்சியில் மட்டும் எகிறியிருந்தது. ஆர்த்திகா துள்ளினாள். "நானா, இது புதுசு! வெள்ளிக்கிழமை மாநாட்டில சொல்லப்போறன்!"

மீராசாஹிப் மெஷினைத் திரும்பிப் பார்த்தார். ஓய்வூதியத்துக்கு மூன்றே மாதம். வாயை மூடினால் தப்பலாம். ஆனால் சபையில் எவனாவது தோண்டினால் இந்தப் பிள்ளையின் மானமல்லவா போகும்? சீ, புளுகுக்கும் ஒரு அளவு வேண்டாமா!

"மிஸ், அது மலைச் சத்தில்ல, கூனிச் சத்து. நான்தான் உங்கட மெஷினில அரைச்சன்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "போங்க நானா! போன மாசம் முதலை, இந்த மாசம் கூனியா?"

"சத்தியமா, மிஸ்!"

"முதலைக்கும் சத்தியம் பண்ணினீங்க."

மனிசனுக்கு அழுகையே வந்துவிட்டது. திருப்புளியை எடுத்து மெஷினைக் கழற்றினார். அலகுக்கு அடியில் ஒரு கூனித் தலை, மீசையும் கண்ணுமாக ஆர்த்திகாவைப் பார்த்தது. அவள் சிரிப்பு நின்றது.

"இலை மிச்சம் இருக்கு மிஸ், கழுவிப்போட்டு இப்பவே அரைச்சுத் தாறன். மேலிடத்துக்குச் சொல்றதெண்டாலும் சொல்லுங்க."

அவள் யாருக்கும் சொல்லவில்லை. புதிய மாவில் உச்சியிலும் நைதரசன் குறைந்தே இருந்தது. அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று ஏதோ உறைத்தது.

"நானா, அண்டைக்குச் சம்பல் பச்சையா இருந்தது..."

"உங்கட பன்னம்தான் மிஸ். மூண்டு உயரமும் கலந்தது."

ஆர்த்திகா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "நானா, உங்களக் கும்பிடுறன், இதையாவது பொய்யெண்டு சொல்லுங்க!"