தர்ஷினி மடித்து வைத்த ரொட்டி

பதுளை டவுனில் எனக்கு இரண்டு சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. மாடி வீடு இருக்கிறது, வேன் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். யாரும் தூக்கிவிடவில்லை. மகளைக் கெம்பஸ் வரைக்கும் படிக்க அனுப்பியதும் நான்தான்.

ஒரு திங்கட்கிழமை அவளுக்குக் கடைப் பிரியாணி எடுத்துக்கொண்டு கெம்பஸுக்குப் போனேன். மரத்தடியில் அவளும், கூடப் படிக்கும் மடுல்சீமைத் தோட்டத்துப் பிள்ளை தர்ஷினியும் ஒரே பேப்பரில் ரொட்டியையும் கட்டச்சம்பலையும் வைத்து, பிய்த்துத் தின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா, இவ அம்மா விடியக் கொழுந்து பறிக்கப் பெரட்டுக்குப் போறதுக்கு முன்னாடி சுட்டது. ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க," என்றாள் மகள்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "லயத்து ரொட்டி திங்கவா நான் கடை போட்டேன்? தூக்கிப் போடு அதை!"

தர்ஷினி மிச்ச ரொட்டியைப் பேப்பரோடு மடித்துப் பையில் வைத்தாள். "கிளாசுக்கு நேரமாச்சுங்க மாமா," என்று எழுந்து போனாள்.

அதற்குப் பிறகு அவள் என் மகளோடு உட்கார்ந்து சாப்பிடவே இல்லை. மகள் எத்தனையோ தடவை மன்னிப்புக் கேட்டாளாம். "கோபமெல்லாம் இல்லடி," என்று மட்டும் தர்ஷினி சொன்னாளாம்.

போன மாதம் பட்டமளிப்பு. பிள்ளைகள் எல்லாம் தோழிகளைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்தார்கள். என் மகள் தனியாக நின்றாள்.

"சிரி புள்ள," என்று படமெடுக்கப் போனைத் தூக்கினேன்.

"சிரிச்சுக்கிட்டுத்தாம்பா இருக்கேன்," என்றாள். அவள் சிரிக்கவில்லை.

அந்த ரொட்டியைத் தின்றுதான் நானும் வளர்ந்தேன். கடைக்கும் வீட்டுக்கும் மகளின் பட்டத்துக்கும் என் பெயரைத்தான் சொல்ல வேண்டும் என்று ஊரில் சண்டை போடுகிறவன் நான். அந்தப் படத்தில் அவள் பக்கத்தில் காலியாகக் கிடக்கும் இடத்துக்கும் என் பெயரையே சொல்லுங்கள். அதைச் செய்ததும் நான்தான்.