பதினோராவது கை

வீபேக்கு நடப்பதில் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. பயணத்துக்குக் காசு கொடுப்பது பிடிக்காது, அவ்வளவுதான்.

ஃப்ரீஸ்லாந்தில், ஆட்களைவிட மாடுகள் அதிகமாக வசிக்கும் ஓர் ஊரில் பிறந்தவன். அவன் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படியை மிதிக்கப் போகும் முதல் ஆள். அந்தப் பெருமையை மூடி வைக்கும் பழக்கம் அவனிடம் இல்லை. ரொட்டி வாங்கப் போனால்கூட, மீதிச் சில்லறை கைக்கு வருவதற்குள் குரோனிங்கன் நகரத்தில் சட்டம் படிக்கப் போவதைக் கடைக்காரருக்குச் சொல்லிவிடுவான். கடைக்காரர் அதை நான்கு முறை கேட்டுவிட்டார்.

"அப்ப இனிமே நம்ம மாடு பக்கத்து வயல்ல பூந்தா நீயே வாதாடிடுவ," என்றார் அப்பா.

"நான் பக்கத்து வயல்காரருக்குத்தான் வாதாடுவேன். அவர்தான் ஃபீஸ் கொடுப்பாரு."

மாணவனுக்குக் கிடைக்கும் பயண அட்டையில் ஒரு சிக்கல் உண்டு. வார நாட்களில் இலவசமாகப் போகலாம், அல்லது வாரக்கடைசியில் போகலாம். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். பெற்றோர் வீட்டிலிருந்தே படிக்கப் போகிறவர்கள் வார நாட்களை எடுப்பார்கள். நகரத்தில் அறை பிடித்தவர்கள் வாரக்கடைசியை எடுத்து, மூட்டை நிறைய அழுக்குத் துணியோடு அம்மாவைப் பார்க்க வருவார்கள்.

வீபே குரோனிங்கன் வரைபடத்தை விரித்தான். சட்டத் துறையின் வாசலில் காம்பஸ் முள்ளை ஊன்றி ஒரு வட்டம் போட்டான். அந்த வட்டத்துக்குள் எங்காவது குடியிருந்தால் போதும். பஸ் வேண்டாம், சைக்கிளுக்கு டயர்கூட மாற்ற வேண்டாம். ஊருக்குப் போக வாரக்கடைசி அட்டை. வருடம் முழுவதும் பயணச் செலவு சுத்தமாகப் பூஜ்யம். மனம் குளிர்ந்து, ஆகஸ்ட் மாதமே வாரக்கடைசி என்று பதிந்துவிட்டான்.

அறைதான் இன்னும் கிடைத்திருக்கவில்லை.

செப்டம்பர் வந்தது, வகுப்பு வந்தது, மழையும் வந்தது. அறை மட்டும் வரவில்லை. விடியும் முன் சைக்கிளில் ரயிலடிக்கு மிதித்து, லேவார்டனில் வண்டி மாறி, குரோனிங்கன் போய்ச் சேர வேண்டும். அதுவும் வாரத்தில் ஐந்து நாளும் சொந்தக் காசில். அப்பக் கடையில் மாவு கலக்கிச் சம்பாதித்ததை எல்லாம் ரயில் தின்றது. அட்டையை மாற்றிக்கொள்ள வழி இருந்தது. மாற்றினால் தோற்றதாகிவிடும் என்பதால் அந்த வழியைப் பற்றி அவன் யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஆனால் அப்பாவுக்குத் தெரிந்திருந்தது.

"வார நாளை எடுத்திருந்தா சல்லிக் காசு செலவில்லாம போயிட்டு வந்திருக்கலாம். பால் கறந்துட்டுப் போயிருக்கலாம்."

"அதுக்குத்தான் எடுக்கல."

"சரி. நவம்பருக்குள்ள உனக்கு அறை கிடைக்கணும். இல்லேன்னா கறக்கறதுக்கு வேற ஆள் தேடறதை நான் நிறுத்திடுவேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பால் கறக்க ஆள் தேவை என்று கொடுத்திருந்த விளம்பரத்தை நிஜமாகவே எடுத்துவிடுவார் என்று வீபேக்குத் தெரியும்.

குரோனிங்கனில் மாணவர் வீட்டு அறையை வீட்டுக்காரர் கொடுப்பதில்லை. ஏற்கெனவே உள்ளே இருக்கிறவர்கள் கொடுக்கிறார்கள். ஒரு சாயங்காலம் அறை கேட்கிறவர்களையெல்லாம் சமையலறைக்கு வரவழைப்பார்கள். பெண் பார்க்கும் சடங்கு மாதிரிதான், பஜ்ஜிக்குப் பதில் பீர். கேள்வி கேட்பார்கள், சிரிப்பார்கள், எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கை தூக்கி ஓட்டுப் போடுவார்கள்.

வீபே இப்படிப் பல வீடுகளில் உட்கார்ந்து எழுந்துவிட்டான். எங்கள் வீடு உனக்கு ஏன் பிடித்தது என்று கேட்டால், மற்றவர்கள் நட்பு, கலகலப்பு, சேர்ந்து சமைப்பது என்பார்கள். இவன், "உங்க வாசல்லேருந்து எங்க துறைக்கு நடந்தே போயிடலாம்," என்பான். நீ ஒரு காய்கறியாகப் பிறந்திருந்தால் எந்தக் காய் என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். "எதுவா இருந்தாலும் சரி, டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை," என்றான். மறுநாள் எப்போதும் ஒரே மாதிரி குறுஞ்செய்தி வரும்: உன்னைச் சந்தித்ததில் ரொம்ப மகிழ்ச்சி, ஆனால்.

அக்டோபர் கடைசியில் வட்டத்தின் நடுப்புள்ளிக்கு அடுத்த தெருவிலேயே ஓர் அறை காலியானது. பத்துப் பேர் இருக்கும் பழைய வீடு. வீபே அரை மணி நேரம் முன்னதாகவே போய்விட்டான். கதவு திறந்து கிடந்தது. சமையலறையில் ஒருவரும் இல்லை. தொட்டி நிறையப் பாத்திரம், மேலே பாசி பிடிக்காத குறை. பண்ணையில் வளர்ந்த கை சும்மா இருக்குமா? சட்டையை மடித்துவிட்டுத் தேய்க்க ஆரம்பித்தான்.

யூரியான் உள்ளே வந்தான். வீட்டிலேயே மூத்தவன், கூட்டத்தை நடத்தப் போகிறவன். கழுவிய பாத்திரங்களையும் கழுவுகிறவனையும் பார்த்தான்.

"நீ மெரலோட ஆளா?"

வீபேயின் வாயிலிருந்து வந்தது "ம்" என்ற சத்தம்தான். அதற்கு எந்த அர்த்தமும் இல்லை என்று பிற்பாடு அவன் வாதாடினான். சற்று நேரத்தில் மாடியில் குடியிருக்கும் மெரல் இறங்கி வந்தாள். யூரியானின் நண்பன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, கையில் ஒரு பீரைத் திணித்துவிட்டுப் போனாள்.

வாசல் மணி அடித்தது. பக்கத்தில் இருந்தவன் என்ற முறையில் இவன்தான் திறந்தான். மழையில் நனைந்த உயரமான பெண் ஒருத்தி நின்றாள்.

"நான் ஃபெனா. அறை பார்க்க வந்தேன். நீ இங்க இருக்கறவனா?"

"இங்கதான் இருக்கேன்," என்றான். அந்த நிமிடத்தில் அது பொய்யில்லை.

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. வந்தவர்களின் கோட்டை வாங்கி மாட்டினான், நாற்காலி போட்டான். கேள்வி கேட்பவர்களின் வரிசையில் உட்கார்ந்து அவனும் கேட்டான். கிட்டாரோடு வந்த ஒருவனிடம், "எத்தனை மணி வரைக்கும் வாசிப்ப?" என்று கேட்டபோது மெரல் ஆமோதித்துத் தலையாட்டினாள். இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிந்தது, எல்லோரும் ஒரே பொய்யைத்தான் சொல்கிறார்கள். சேர்ந்து சமைப்பது பிடிக்குமாம்.

ஃபெனாவின் முறை வந்தது.

"எங்க வீடு உனக்கு ஏன் பிடிச்சுது?" என்றான் யூரியான்.

"பிடிச்சுதான்னு இன்னும் தெரியல. எங்க ஊர் எம்மன் தாண்டி இருக்கு, ரெண்டு பஸ். இங்கேருந்து நடந்தே வகுப்புக்குப் போகலாம்."

மற்றவர்கள் முகத்தில் அந்தப் பழைய புன்னகை வந்தது. வீபே மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"வார நாள் அட்டை எடுத்தா பஸ் இலவசம்தானே?"

அவள் காது சிவந்தது. "அறை கிடைச்சுரும்னு நம்பி வாரக்கடைசியை எடுத்துட்டேன்."

"மாத்திக்கலாமே?"

"மாத்தினா எங்க அக்கா சிரிப்பா."

உலகத்தில் தன்னைப் போல் இன்னொரு கழுதை இருக்கிறது என்பதை வீபே அன்றுதான் கண்டான். அவள் கிளம்பும்போது கோட்டை எடுத்துக் கொடுத்து, "என் ஓட்டு உனக்குத்தான்," என்று காதோரம் சொன்னான். தனக்கு ஓட்டே கிடையாது என்பது அப்போது மறந்து போயிருந்தது.

வந்தவர்கள் எல்லோரும் போனார்கள். இவன் போகவில்லை. யூரியான் பட்டியலைப் பார்த்து, "வீபேன்னு ஒருத்தன் வரவே இல்லை," என்றான்.

"ஃப்ரீஸ்லாந்துக்காரன். வண்டி கிடைச்சிருக்காது," என்றாள் மெரல்.

"பாவம்," என்றான் வீபே.

ஓட்டு நடந்தது. கிட்டார்க்காரனுக்கு ஐந்து கை. ஃபெனாவுக்குக் கை தூக்கச் சொன்னபோது வீபேயின் கை தானாகவே மேலே போனது. வாக்குக் கொடுத்துவிட்டானே.

யூரியான் எண்ணினான். மறுபடி எண்ணினான்.

"ஆறு. அஞ்சும் ஆறும் பதினொண்ணு. நாம பத்துப் பேர்தானே?"

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் எல்லாப் பார்வையும் ஒரே இடத்தில் வந்து நின்றது.

"மெரல், உன் ஆளைக் கை இறக்கச் சொல்லு."

"என் ஆளா? உன் ஃப்ரெண்டு இல்லையா இவன்?"

வீபே கையை இறக்கினான். "வீபே. ஃப்ரீஸ்லாந்து. வண்டி கிடைச்சுது," என்றான்.

யூரியான் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடி விரலை வைத்தான்.

"ரெண்டு மணி நேரமா எங்க பீரைக் குடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்க," என்றான் யூரியான்.

"ஒண்ணுதான். அதுலயும் பாதி இருக்கு."

"சொல்ல வேண்டியதுதானே?"

"யாரும் கேக்கலையே. கேட்டவங்களும் பதிலையும் சேர்த்தே கேட்டாங்க."

மெரல்தான் முதலில் சிரித்தாள். அவள் சிரிப்பு மேசையைச் சுற்றிவந்து யூரியானிடம் போய் நின்றது. அவன் சிரிக்காமல் இருக்கப் பார்த்தான், முடியவில்லை.

இப்போது ஐந்துக்கு ஐந்து. கிட்டார் வேண்டும் என்பவர்கள் இறங்கி வரவில்லை. வேண்டாம் என்பவர்களும் இறங்கி வரவில்லை. பேச்சு நீண்டு, அடுத்தடுத்த அறைகளில் குடியிருந்த இரண்டு பேருக்குள் ஏதோ பழைய சண்டை வெளியே வந்தது. கடைசியில் மெரல், "இவன் ரெண்டு மணி நேரம் இங்க குடியிருந்திருக்கான். யாருக்காவது தொந்தரவா இருந்துதா?" என்றாள். ஒருவருக்கும் இல்லை. அறையை இவனுக்கே கொடுத்துவிடலாமா என்றதும் பத்துக் கையும் உயர்ந்தன. வீபே இந்த முறை இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

கிடைக்காதவர்களுக்குத் தகவல் சொல்வது அந்த வீட்டில் கடைசியாக வந்தவனின் வேலை. அன்றிரவே அங்கே தங்கிவிட்ட வீபே, மறுநாள் காலை முதலில் அப்பாவைக் கூப்பிட்டு, கறக்க ஆள் தேடச் சொன்னான். பிறகு ஃபெனாவின் எண்ணை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழுத்தினான்.

"உன்னைச் சந்திச்சதுல எங்களுக்கு ரொம்ப மகிழ்ச்சி..." என்று தொடங்கினான்.

"ஆனால். சரி, யாருக்குப் போச்சு?"

"எனக்கு."

"நீதான் ஏற்கெனவே அங்க இருக்கியே?"

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். சில இடங்களில் குரல் தாழ்ந்தது.

"அப்ப எனக்கு ஓட்டுப் போட்டதும் பொய்யா?"

"அது மட்டும்தான் நிஜம். அதுலதான் மாட்டிக்கிட்டேன்."

அந்தப் பக்கம் பஸ் கதவு மூடும் சத்தம் கேட்டது. அவள் ஏதோ கணக்குப் போடுகிறாள் என்பது அவனுக்குத் தெரிந்தது; அவனும் கணக்குப் போடும்போது இப்படித்தான் மூச்சு விடுவான்.

"இங்க பாரு வீபே. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்தா எனக்கு இலவசம். வெள்ளி மத்தியானத்துக்கு மேல போனா அதுவும் இலவசம். நடுவுல நான் எங்க இருக்கேன்னு எவன் கேக்கப்போறான்? ஹால்ல ஒரு சோபா பார்த்தேன்."

வீபே கழுத்தை நீட்டி ஹாலைப் பார்த்தான். சோபாவில் யாரும் இல்லை. பத்துப் பேரில் ஒருவரையாவது கேட்டிருக்கலாம்; கேட்கவில்லை.

"நீ எவ்வளவு உயரம்?" என்றான்.

"ஏன், அந்தச் சோபா சின்னதா?"

"காலை மடக்கிப் படுப்பியா?"

"நீ கதவைத் திறந்து வை," என்றாள் ஃபெனா. "மடக்கறதை நான் பார்த்துக்கறேன்."