ரீமேக்கில் வெட்டிப்போட்ட தங்கை

அண்ணன் பார்த்த படத்தை நான் பார்க்கவில்லை. என் வாழ்க்கையின் முதல் பெரிய வயிற்றெரிச்சல் அதுதான்.

எனக்கு அப்போது எட்டு வயது, அண்ணனுக்குப் பன்னிரண்டு. மார்த்தாண்டத்தை அடுத்த எங்கள் ஊரிலிருந்து கேரளத்துப் பாறசாலை பைக்கில் அரை மணி நேரம்தான். மற்றவர்கள் ரீமேக் வரட்டும் என்று காத்திருக்கும் மலையாளப் படங்களை நாங்கள் எல்லை தாண்டிப்போய் முதலிலேயே பார்த்துவிடுவோம். பிறகு அது தமிழில் வரும்போது, "அது போல வருமா?" என்று உதட்டைப் பிதுக்குவது எங்கள் பக்கத்துப் பிறப்புரிமை.

அந்தச் சண்டைப் படத்துக்கு மாமா அண்ணனை மட்டும் பைக்கில் ஏற்றினார். நான் செருப்பெல்லாம் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். "பெம்பிளப் பிள்ளைக்கு என்னத்துக்கு அடிபிடிப் படம்?" என்றாள் அம்மா. பிறர் பொருளை இச்சிக்கக் கூடாது என்று ஞாயிறுதோறும் சபையாரோடு சேர்ந்து சொல்கிறவள்தான் நான். சினிமா பொருளில் சேராது என்று சமாதானம் செய்துகொண்டு நன்றாகவே இச்சித்தேன்.

அண்ணன் கதையைச் சும்மா சொல்லவில்லை. ஒரு சண்டைக்கு ஒரு முந்திரிக்கொத்து. கிறிஸ்துமஸுக்குச் சுட்டதில் என் பங்கு முழுக்க அவன் வயிற்றுக்குள் போனது. மூன்றாம் நாள் எனக்குத் தாங்கவில்லை.

"உனக்க கதையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நீ மட்டும் போய்ப் பாத்தல்லா!" என்று அழுதேன்.

அவன் என் முகத்தை ஏறிட்டுப் பார்த்தான். பிறகு, "ஏட்டி, அதுல ஹீரோவுக்கு ஒரு தங்கச்சி உண்டு. அத இன்னும் சொல்லல்ல" என்றான். அன்று முந்திரிக்கொத்து கேட்கவில்லை.

முன்பல் விழுந்தவளாம் அந்தத் தங்கை. ஹீரோ அடிபட்டுக் கிடக்கும்போது, எங்கள் வீட்டுப் பின்னால் கிடப்பது போன்ற ஒரு காய்ந்த தென்னங்கொதும்பை, அந்தப் பாளை மட்டையைத் தூக்கிக்கொண்டு பாய்ந்து, வில்லனின் முட்டியைப் பேர்த்துவிடுவாளாம்.

"பொடிப்பிள்ளதான். ஆனா அவ இல்லன்னா அவன் செத்தே போயிருப்பான்."

இதைச் சொல்லும்போது அண்ணன் குரலில் அப்படி ஒரு பெருமை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கும்தான் முன்பல் இல்லை. என்னைப் பற்றி யாரிடமாவது இப்படிப் பேசியிருக்கிறானா? ஆனாலும் தினமும் அவள் கதையைத்தான் கேட்டேன்.

அடுத்த வருஷம் அதைத் தமிழில் எடுத்தார்கள். அம்மாவே மனமிரங்கி எல்லோரையும் மார்த்தாண்டம் தியேட்டருக்கு அழைத்துப் போனாள். ஹீரோ பறந்து பறந்து அடித்தார். நடுவில் வெளிநாட்டுக்குப் போய்ப் பாடிவிட்டு வந்தார். தங்கையைக் காணோம்.

"தங்கச்சி எப்பம் வருவா?"

"இனிதான்."

படம் முடிந்து விளக்கைப் போட்டுவிட்டார்கள். "அவ எங்க?" என்று கத்தினேன்.

"வெட்டிப்போட்டானுவ. ரீமேக்குல இப்பிடித்தான் எல்லாத்தையும் நாசமாக்குவானுவ" என்றான் அண்ணன், என் முகத்தைப் பார்க்காமல்.

மாமா திரும்பி, "எந்தத் தங்கச்சிலே?" என்று கேட்டார். அண்ணன் மிச்சமிருந்த பாப்கார்னை அவர் கையில் திணித்தான். மாமாவுக்கு மறதி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளியில் ஒரு மாதம் அந்தப் படத்தைக் கிழித்துத் தோரணம் கட்டினேன். உண்மையான படத்தைப் பார்த்துவிட்ட அண்ணன் மேல் பொறாமை இரட்டித்தது.

அண்ணன் இப்போது மஸ்கட்டில் இருக்கிறான். போன மாதம் அந்த மலையாளப் படம் போனில் கிடைத்தது. முழுக்கப் பார்த்தேன், சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும் பார்த்தேன். ஹீரோவுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாருமில்லை. அடிபட்டுக் கிடப்பவன் தானாகவே எழுந்துகொள்கிறான். அண்ணன் சொன்ன படத்துக்கு முன்னால் இதுவும் ஒரு மோசமான ரீமேக்தான்.

முன்பல் விழுந்த அந்தப் பெண்ணை நினைத்து எத்தனை நாள் வயிறெரிந்திருக்கிறேன். அவள் யாரென்று எட்டு வயதில் எனக்குத் தெரியவில்லை.