அம்மா பெயரில் ஒரு கல்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அழுக்குத் துணி பிரிக்கிறவளுக்கு அருவருப்பே இருக்காது என்று நினைப்பீர்கள். பாதிதான் உண்மை. ரத்தமும் சீழும் அவளை ஒன்றும் செய்வதில்லை. கையுறையைக் கழற்றி, கையைக் கழுவிவிட்டு நிம்மதியாக மதியச் சாப்பாட்டைப் பிரிப்பாள். அவளுக்குக் குமட்டுவதெல்லாம் சென்ட் பூசிக்கொண்டு வரும் மனிதர்களைக் கண்டுதான்.

அதில் முதல் ஆள் அவளுடைய அண்ணன். வானாராய்ச்சி நிலையத்தில் பெரிய வேலை. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சூரியனைச் சுற்றும் கற்கூட்டத்தின் உள்பக்கத்தில் ஒரு சின்னக் கல்லைக் கண்டுபிடித்திருந்தான். சிறுகோள் என்றுதான் சொல்ல வேண்டுமாம். கண்டுபிடித்தவர் தன் பெயரை வைத்துக்கொள்ளக் கூடாது, வேறு யார் பெயரையாவது சொல்லலாம் என்பது அவர்கள் வழக்கம். இவன் அம்மாவின் பெயரைச் சொல்லிவிட்டான். சொந்தபந்தம் மூக்கில் விரல் வைத்தது.

அம்மா படுக்கையில் விழுந்ததிலிருந்து அத்தி பூத்தாற்போல வருவான். வந்தாலும் வாசற்படியிலேயே நின்று, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நலம் விசாரிப்பான். அம்மாவுக்கோ ஒரே ஏக்கம். "பக்கத்துல வந்து ஒரு தடவை தொட்டுட்டுப் போகச் சொல்லுடி" என்று தினமும் மகளைப் பிடுங்கி எடுப்பாள். கல்லைப் பற்றிக் கேட்கவேயில்லை.

பத்திரிகைப் படக்காரரோடு அவன் வரும் நாள் வந்தது. அறையில் வாடை இருக்கக் கூடாது என்று முன்னாடியே போனில் உத்தரவு. இவள் சலவைக்கூடத்துக்கு லீவு சொல்லி, அம்மாவைத் துடைத்து, புதுத் துணி உடுத்தி, சன்னல்களைத் திறந்து வைத்தாள். அவனுக்காக இல்லை.

அவன் கட்டிலுக்கு ஓர் எட்டு தள்ளி நின்றுகொண்டு, கல்லின் பெயரோடு சேர்த்து வெளியான குறிப்பைப் படக்காரருக்கு வாசித்துக் காட்டினான். 'கண்டுபிடித்தவரின் தாய். மகனின் அரவணைப்பில் வாழ்ந்து வருபவர்.' வாய் கூசவில்லை. உலகம் முழுக்கப் போய்விட்டது, இனி ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது என்று பெருமை வேறு. தங்கைக்கு அடிவயிற்றிலிருந்து குமட்டிக்கொண்டு வந்தது. எந்த விரிப்பைப் பிரித்தபோதும் அப்படி வந்ததில்லை.

அந்த நேரம் பார்த்து அம்மா படுக்கையை நனைத்துவிட்டாள். அண்ணன் பின்வாங்கினான். கொஞ்சம் வெளியே இருக்கலாமா என்று படக்காரரிடம் கேட்டான். தங்கை கதவை மறித்து நின்றாள்.

"அரவணைப்புன்னு எழுதியாச்சு. மாத்த முடியாதுன்னும் நீயே சொல்ற. வாண்ணா, அந்தப் பக்கம் பிடி."

படக்காரர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் அண்ணன் கைக்குட்டையைப் பையில் திணித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, அம்மாவின் தோளை நுனிவிரலால் பிடித்தான். பிடித்தான் என்பதே பெரிய வார்த்தை. முழுப் பாரமும் தங்கையின் கையில்தான் இருந்தது. ஒரே மூச்சில் அம்மாவைப் புரட்டி, ஈர விரிப்பை உருவி, காய்ந்ததை நுழைத்தாள். அவன் நல்லபடியாக அவமானப்படட்டும் என்றுதான் அவள் காத்திருந்தாள்.

அம்மா அவன் விரல்களை இறுகப் பற்றிக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

"எம்புள்ள எவ்வளவு பதமா புரட்டுறான் பாரு" என்றாள் மகளிடம். "நீயும் கத்துக்கோ."