தகரமழைக்கு ஐம்பத்தொரு வயது

"தகரமழை வந்திருக்கா, ஒரு நாற்காலி போடுங்க" என்று என் ஓரகத்தி சத்தம் போட்டபோதுதான் அந்தப் பெயரை முதலில் கேட்டேன். ஓரகத்தியின் அண்ணன் மகள். தட்டச்சுப் பள்ளியில் சேர்ந்த புதிது. சாப்பாடு வரும்வரை பத்து விரலும் மேசைமேல் தகரக்கூரையில் மழை விழுகிற மாதிரி அடித்துக்கொண்டே இருந்தன. அவள் அப்பா வைத்த பட்டப்பெயர் அது. முப்பத்து மூன்று வருஷம் ஆகிறது.

பொத்தான்களைப் பார்க்கவே மாட்டாள். நம்மோடு வம்பு பேசிக்கொண்டே அடிப்பாள். கொட்டாவி விட்டால்கூடக் கை நிற்காது. அலுவலகத்தில் கடிதம் அடிக்கிற வேலை. கணினி வந்த பிறகும் அதே கைதான். கணவர் முதுகெலும்பில் அடிபட்டுப் படுத்ததிலிருந்து அந்தப் பத்து விரலில்தான் குடும்பம் ஓடியது.

போன வருஷம் வந்த புது மேலாளர், எல்லாரும் கணினியில் ஒரு சின்ன நிரல், அதுதான் புரோகிராம், எழுதி ஓட்டிக்காட்ட வேண்டும், முடியாதவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்றுவிட்டார். பன்னிரண்டு நாள் வகுப்பு. கறுப்புத் திரை "உங்கள் வயது?" என்று கேட்கும். அடித்தால், ஓய்வு பெற இன்னும் எத்தனை வருஷம் என்று சொல்லும். அவ்வளவுதான்.

"முப்பத்தாறுன்னா பதில் சொல்லுது. நாப்பத்தெட்டுன்னா சொல்லுது. என் வயசு அம்பத்தொண்ணை அடிச்சா மட்டும் சிவப்பு சிவப்பா திட்டுது, அத்தை."

"நீ குறைச்சுச் சொல்றேன்னு அதுக்குச் சந்தேகம்டி" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

நிரலை அழித்து அழித்து இருபது முறை எழுதினாள். பக்கத்து மேசைக்காரி எழுதியதை எழுத்துக்கு எழுத்து பார்த்தும் எழுதினாள். அந்தப் பெண் உட்கார்ந்து அடித்தால் ஐம்பத்தொன்றுக்கும் பதில் வந்தது. இவள் உட்கார்ந்தால் திட்டுதான். "எனக்கு ராசி இல்ல அத்தை. நான் போகப்போறேன்னு மெஷினுக்கே தெரிஞ்சுபோச்சு."

பரீட்சையில் மூன்று வாய்ப்பு. முதல் தடவை தவறியதும் பின்னால் நின்ற வாத்தியார் குனிந்து பார்த்தார். "அக்கா, நீங்க ஒண்ணு அடிக்கல. எல் அடிக்கிறீங்க."

அவள் பழகிய பழைய தட்டச்சு இயந்திரத்தில் ஒன்றுக்குத் தனிப் பொத்தானே கிடையாதாம். ஆங்கிலச் சின்ன எல் எழுத்தைத்தான் ஒன்றாக அடிப்பார்களாம். காகிதத்தில் இரண்டும் ஒரே கோடு; இத்தனை வருஷமாக யார் கண்ணிலும் படவில்லை. எண்ணைக் கேட்கிற நிரலுக்கு எழுத்தைக் கொடுத்தால் அது என்ன செய்யும்?

"அப்ப நான் எழுதினதுல தப்பே இல்லியா?"

"இல்லக்கா. நல்லாத்தான் எழுதியிருக்கீங்க."

காரணம் தெரிந்துவிட்டால் கை கேட்டுவிடுமா? இரண்டாம் முறையும் வலது கை எல்லுக்கே போனது. போன வேகத்தில் வரி முடிக்கிற என்டர் பொத்தானையும் தட்டிவிட்டது. மூன்றாம் முறை குனிந்து பொத்தான்களைப் பார்த்தாள். ஐந்தை அடித்தாள். இடது சுண்டுவிரலை மெல்லக் கொண்டுபோய் ஒன்றின்மேல் வைத்தாள். அது அழுத்துவதற்குள் வலது கை முந்திக்கொண்டு எல் எழுத்தையும் என்டரையும் தட்டிவிட்டது.

"என் கையே என்னைக் கவுத்துடுச்சு, அத்தை."

இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். போன வாரம் போயிருந்தேன். கணவரின் கட்டிலருகே நாற்காலியில், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அவற்றின்மேலேயே உட்கார்ந்திருந்தாள்.