சிவப்பு வண்டியில் ஜப்பான் எழுத்து

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மலாக்காவின் காஜா பெராங் பகுதியில், தமிழ் மறந்துபோன மலாக்கா செட்டி ஒருவர் தம் ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனேன். கூரை மடங்கும் சிவப்பு வண்டி, இரண்டே இருக்கைகள்.

"ஜெப்புன் புன்யா, பெத்துல்." அசல் ஜப்பான் வண்டிதான் என்று அவர் மலாயில் சொன்னார்.

பானெட்டைத் திறந்து எஞ்சின் எண்ணைப் பதிவு அட்டையோடு ஒப்பிட்டேன். சரியாக இருந்தது. பக்கத்தில் ஒரு தகட்டில் ஜப்பானிய எழுத்துகள். குனிந்து பார்த்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

"உங்கப்பாவ ஏத்திட்டுப் போன லாரியிலயும் இப்படித்தான் எழுதியிருந்துச்சி."

யுத்தக் காலத்தில் ஜப்பான்காரர்கள் சயாம் ரயில்பாதை வேலைக்கு அப்பாவைக் கொண்டுபோனபோது நான் கைக்குழந்தை. அவர் திரும்பவே இல்லை.

"வேணாம்னா விட்டுர்றேம்மா."

"உனக்குப் பிடிச்சிருக்குல்ல, வாங்கு. என்னை மட்டும் ஏறச் சொல்லாத."

வாங்கினேன். அவள் ஒருநாளும் அதில் ஏறவில்லை. ஆனால் எஞ்சின் சத்தம் கேட்டால், கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுவாள்.

"எங்க போற?"

பக்கத்து ஊரான புக்கிட் கட்டில் வரைதான் என்பேன். திரும்பி வரும்போதும் வாசலிலேயே நிற்பாள். வண்டி நின்றதும் என்னைப் பார்க்கமாட்டாள். காலியாக இருக்கும் பக்கத்து இருக்கையைத்தான் முதலில் பார்ப்பாள்.