கோட்டின் மஞ்சள் பட்டை

தையற்காரரின் தாத்தா இந்த நாட்டுக்கு வந்து இறங்கியபோது உடுத்தியிருந்தது கப்பல் கம்பெனி கொடுத்த காக்கிச் சட்டை. வேறு பூர்வீக உடை இருந்ததாகத் தகவல் இல்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களுக்கு அந்தக் கவலையும் இருக்கவில்லை.

கவலையை உண்டாக்கியது நகராட்சி. இங்கே எல்லோரும் சமம் என்று காட்டுவதற்காக, ஒவ்வொரு சமூகமும் அவரவர் உடையில் தனித்தனியாக ஊர்வலம் வரவேண்டும் என்றது. அப்போது தையற்காரருக்கு மீசை அரும்பிக் கொஞ்ச நாள்தான். அவர் சமூகத்தின் சங்கத்துக்காரர்கள் வந்து, "ஏதாவது தைச்சுக் குடுப்பா, பார்க்கப் பழசா இருக்கணும்" என்றார்கள். கறுப்பில் நீளக் கோட்டு தைத்தார். அவசரத்தில் கைகளைக் குட்டையாக வெட்டித் தொலைத்ததால், திரைச்சீலைக்கு வாங்கி மிஞ்சிய மஞ்சள் துணியை முனையில் ஒட்டுப் போட்டார். ஊர்வலத்தில் ஏக வரவேற்பு. அன்றிலிருந்து அந்தக் கோட்டுதான் பிழைப்பு. பட்டையின் அகலம் மட்டும் கையிருப்புத் துணியைப் பொறுத்து மாறும்.

இப்போது மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக் கோட்டை ஆசையாகத் தைத்து வைத்திருந்தார். மாப்பிள்ளையின் அப்பா, சங்கத்தின் இன்றைய தலைவர், கடைக்கு வந்து அதைப் புரட்டிப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"என்ன சம்பந்தி, பட்டை ரெண்டு விரல்தான் இருக்கு? ரெண்டு விரல் வேலைக்காரங்க வைக்கிறது. எங்க குடும்பத்துக்கு நாலு. இதைப் போட்டுக்கிட்டு என் பையன் கல்யாணத்துக்கு நிக்க மாட்டான்."

தையற்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சம்பந்தி, பட்டைன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. கை குட்டையாப் போச்சு, நான்தான் ஒட்டுப் போட்டேன்."

தலைவர் பெருந்தன்மையாகச் சிரித்தார். "தன்னடக்கம் வேண்டியதுதான், அதுக்காக இப்படியா? எங்க தாத்தா கப்பல்லேருந்து இறங்கும்போதே நாலு விரல் பட்டை. மஞ்சள்னா நாம விட்டுட்டு வந்த கரையோட மணல். அப்பா சொல்லிச் சொல்லி அழுவார்."

"உங்க அப்பாவுக்கு முதல் கோட்டே நான்தானே தைச்சேன்?"

"தைச்சது நீங்கதான். இல்லேன்னு யார் சொன்னா?"

மூலையில் பித்தான் கட்டிக்கொண்டிருந்த மனைவியைத் துணைக்குப் பார்த்தார். "ஏங்க, எங்க அம்மாவும் மணல்னுதான் சொல்வாங்க. உங்களுக்குத்தான் எல்லாம் மறந்துபோகுது."

தையற்காரர் அந்த முதல் கோட்டை நினைத்துப் பார்த்தார். அன்றைக்குப் பக்கத்தில் நீலத் துணியும் கிடந்ததே; மஞ்சளை ஏன் எடுத்தோம்? தாத்தா ஏதாவது சொல்லியிருப்பாரோ? உள்ளறையில் மகள் மாப்பிள்ளையோடு போனில் சிரித்துக்கொண்டிருந்தாள். தையற்காரர் பழைய பட்டையைப் பிரித்துப் போட்டுவிட்டுப் புது மஞ்சளை மேசையில் விரித்தார். கத்தரி பாதியில் நின்றது.

"சம்பந்தி, நாலு விரல்னா யார் விரல்?"

தலைவர் தன் கையை நீட்டி மடக்கிப் பார்த்தார். இதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை போலும்.

"நீங்கதானே முறை தெரிஞ்சவர்? நீங்களே சொல்லுங்க."